சோளக்காரருக்கு ஒரு சாரம்

எங்கள் கிண்ணியாவில் வெளிநாடு போவதற்கு இரண்டே இரண்டு காரணங்கள்தான். ஒன்று வேலை, மற்றது மக்காவுக்குப் போகிற உம்றா. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது என்று என் மச்சான் ஸெய்னுதீன் சொன்ன அன்று, அடுத்த வளவு ஆமினா உம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு வேலிக்கு வந்துவிட்டார்.

“வேலைக்கும் இல்ல, உம்றாவுக்கும் இல்லயெண்டா புருசனும் பொஞ்சாதியும் மஸ்கட்டில போய் என்ன செய்யப் போறீங்க தம்பி?”

“சும்மா இருக்கப் போறம்.”

“சும்மா இருக்கிறதுக்கு இஞ்ச கதிரை இல்லையா?”

மச்சான் சிரித்தார். “உம்றாவுக்கும் போவம், இன்ஷா அல்லாஹ். முதல்ல அங்க ஒராளுக்கு நன்றி சொல்ல இருக்கு. மனுசருக்கு நன்றி சொல்லாதவன் படைச்சவனுக்கு எப்பிடிச் சொல்லுவான்?”

ஆமினா உம்மா தலையாட்டிவிட்டுக் கீரைக்குத் திரும்பினார். எனக்குத்தான் அது சிக்கல். ஏனென்றால் மச்சான் நன்றி சொல்லப் போகிற அந்த ஆள் உலகத்தில் இல்லை. இறந்துபோகவில்லை, பிறக்கவே இல்லை. அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது அந்த ஆளை உண்டாக்கிய, என் கூடப்பிறந்த ராத்தா றஹ்மா, மச்சானின் மனைவி.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னையும் சேர்த்துத் திட்டுவீர்கள்.

மச்சான் மீன் விற்கிறவர். விடியமுன் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஆலங்கேணி வரை கூவிக்கொண்டு போய் வருவார். ராத்தாவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். ஆகவே இரண்டு பெண் என்றால் இரண்டு வீடு. ஒரு மீன் பெட்டியிலிருந்து இரண்டு வீடு எழும்பாது என்று கண்டபோது ராத்தா மஸ்கட்டில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். மூத்தவள் ஷிஃபானா அப்போது நாலாம் வகுப்பு. சின்னவள் பஸ்னாவுக்குப் பால் பல் விழத் தொடங்கியிருந்தது.

எனக்கும் ராத்தாவுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஒரே வளவில் இரண்டு வீடு. அவள் போனபின் பிள்ளைகளை நான்தான் பார்ப்பேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். மச்சான் விடவில்லை. மீன் மணம் போகத் தேசிக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிள்ளைகளைக் குந்தவைத்துத் தலை பின்னுவார். வகிடு கோணலாகத்தான் போகும். நான் திருத்தப் போனால் இரண்டும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடும். “வாப்பா பின்னினது இருக்கட்டும் சாச்சி” என்பார்கள். அந்தக் கோணல் வகிட்டோடுதான் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முடித்தார்கள்.

ராத்தா வேலை செய்த வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் ஊருக்குப் பேச விடுவார்கள். வீடியோ கோல் எல்லாம் அப்போது எங்கள் கைக்கு வரவில்லை. முதல் வெள்ளி, வீட்டில் சிக்னல் சரியில்லை என்று மச்சான் பிள்ளைகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் நின்றார். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது காற்றின் இரைச்சல்.

“என்ன றஹ்மா, அங்கயும் காத்தா? நீயும் கடற்கரையிலயா நிக்கிற?”

ராத்தா நின்றது மொட்டை மாடியில், ஈர உடுப்புகளுக்கு நடுவில். வந்த நாளிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது. மச்சான் கேட்ட விதத்தில் அவ்வளவு ஆசை. “ஓம், கடற்கரையிலதான் நிக்கிறன்” என்றுவிட்டாள்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அடுத்த வெள்ளி, எங்கே உட்காருவாய் என்று மச்சான் கேட்டார். கல் பெஞ்சு ஒன்று முளைத்தது. நிழல் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு பேரீச்ச மரம் வளர்ந்தது. பின்னேரத்தில் ஏதும் தின்னக் கிடைக்குமா என்று கேட்டபோது சோளக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். காசு வாங்கமாட்டார். அவித்த சோளத்தை ஊதி ஊதி ஆற்றி, நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீர் தெளித்துக் கொடுப்பார். “பிள்ளைகளை விட்டுட்டு வந்த புள்ள, நீ தின்னு” என்பார்.

இதைக் கேட்டு மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆண்பிள்ளைதானே. அன்றைக்கு முழுக்க யோசித்துவிட்டு அடுத்த வெள்ளி கேட்டார்: “அந்தாளுக்கு என்ன வயசிருக்கும்?”

“எங்கட வாப்பாட வயசு இருக்கும்” என்றாள் ராத்தா, ஒரு நொடி கூடத் தாமதிக்காமல்.

அதோடு சோளக்காரர் எங்கள் குடும்பத்தில் ஒருவரானார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் மச்சான் பன்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போவார். “இப்ப உம்மாவும் கடல்லதான் இருக்கா. கரைதான் வேற, தண்ணி ஒண்டு” என்பார். பிள்ளைகள் தண்ணீரில் கையை வைத்து ஆட்டுவார்கள், உம்மாவுக்குப் போகட்டும் என்று. ஷிஃபானா தொழுதுவிட்டுக் கேட்கிற துஆவில் சோளக்காரருக்கும் ஒரு பங்கு இருந்தது.

ராத்தா இடையில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தாள். அப்போதுதான் எனக்குச் சொன்னாள். கிணற்றடியில் நான் மீன் கழுவிக்கொண்டு, “அந்தக் கடல் நம்மட கடல் மாதிரியா?” என்று கேட்டேன்.

“எந்தக் கடல்? மொட்டை மாடியில உடுப்புக் காயப்போடேக்க ரெண்டு கட்டடத்துக்கு நடுவால ஒரு முழம் தெரியும். அவ்வளவுதான் நான் கண்ட கடல்.”

“அப்ப வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கார மெடத்துட மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சாப்பிட வாறது. ஜும்ஆவில இருந்து அஸர் வரைக்கும் சட்டி கழுவுவன். அடிக்கமாட்டாங்க, பட்டினி போடமாட்டாங்க. பொய் சொல்லக்கூடாது. ஆனா வெளியில விடமாட்டாங்க.”

“மச்சானுக்குச் சொல்லிப்போடு ராத்தா.”

“எப்பிடிச் சொல்லுற? வெள்ளிக்கிழமை வருமெண்டுதான் பிள்ளைகள் மற்ற ஆறு நாளும் அழாம இருக்குதுகள். உன்ட மச்சானும் அப்பிடித்தான்.” வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். “நானும் அப்பிடித்தான் புள்ள. சொல்லச் சொல்ல, அந்தச் சோளம் வாயில உப்பா இருக்கும்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். ஆனால் அந்தக் கதை மட்டும் அதைத் தாண்டவில்லை.

ராத்தா ஒன்பது வருடம் முடித்துத் திரும்பி வந்தாள். இரண்டு வீடும் எழும்பின. இரண்டு மாப்பிள்ளைகளும் வந்து குடியேறினார்கள். ராத்தாவும் மச்சானும் பஸ்னாவின் வீட்டுப் பின்னறைக்கு ஒதுங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிக் கட்ட வீடு இல்லை என்று ஆனபிறகு மச்சானுக்குப் பெரிய சீட்டு ஒன்று விழுந்தது. அவர் அதைக் கொண்டு புதிய மோட்டார் சைக்கிள் எடுப்பார் என்று பார்த்தால், மஸ்கட்டுக்கு இரண்டு டிக்கட் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே திருகோணமலை டவுனில் வாங்கிய ஒரு சாரம். நீலக் கட்டம் போட்டது, இடுப்பில் கட்டினால் மினுங்கும். அவர் தனக்கென்று அப்படி ஒன்று வாங்கி நான் கண்டதில்லை.

“இது சோளக்காரருக்கு” என்றார். “றஹ்மா, நீ இருந்த அந்தப் பெஞ்சில நானும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கோணும். அந்த மனுசன்ட கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்லோணும்.”

ஷிஃபானா அந்தச் சாரத்தை மினுங்கல் தாளில் சுற்றிக் கொடுத்தாள். ராத்தா அன்றிரவே என் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“இப்ப என்ன செய்யிற?”

“உண்மையைச் சொல்லு.”

“அந்த ஆசை முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது.”

“அப்ப சோளக்காரரைக் கொன்றுபோடு” என்றேன். “மௌத்தாகிப்போனார் எண்டு சொல்லு. இல்லாத ஆளைக் கொல்லுறதுக்குப் பாவமில்ல.”

என் புத்தி அவ்வளவுதான். அதையும் அவள் கேட்டுக்கொண்டு போனாளே.

இனி நான் சொல்வது ராத்தா வந்து சொன்னது. மச்சானிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மச்சான் வண்டிலில் பைகளை ஏற்றித் திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பதிகிற வரிசையில் ராத்தா கடவுச்சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு நிற்கிறாள். கால் அவளை அங்கேதான் கொண்டுபோயிருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் எந்த ஏஜென்சி என்று கேட்டிருக்கிறார். மச்சான் போய், “சேர், இது என்ட வைஃப். நாங்க சுத்திப்பார்க்கப் போறம்” என்றார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அதில் ஒருத்தி மூதூர்ப் பிள்ளை. “எனக்கும் துஆ செய்யுங்க ராத்தா” என்று ராத்தாவின் கையைப் பிடித்தாள். விமானம் மேலே எழும்பும் வரை ராத்தா அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மஸ்கட்டில் இறங்கியது ஒரு புதன்கிழமை. ஹோட்டல் அறையில் ராத்தா சுபஹுக்கு எழும்பித் தொழுதுவிட்டு, கட்டிலை விரித்து, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, துவாய்களை நாலாக மடித்து அடுக்கிவிட்டாள். அறை துப்புரவாக்க வந்த பெண் வாசலில் நின்று மூக்கில் விரலை வைத்தாள். “நாங்க இஞ்ச காசு குடுத்து இருக்கிறம் புள்ள” என்று மச்சான் சொன்னார். “அழுக்கோட எப்பிடி இருக்கிற?” என்றாள் ராத்தா. அடுத்த நாளும் அதேதான்.

டாக்சியில்தான் பெரிய கூத்து. மச்சான் ராத்தாவின் அரபை நம்பிப் பெருமையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். ராத்தாவுக்குத் தெரிந்த அரபு எல்லாம் மெடம் அவளிடம் சொன்னது மட்டும்தான். முழுக்க ஏவல். டாக்சிக்காரரிடம், “கெதியா வா! மெதுவா வை! உடைச்சுப்போடாதே! இப்பவே!” என்று அதட்டினாள். அந்த மனிதர் கண்ணாடியில் பயந்து பயந்து பார்த்துக்கொண்டு பூப்போல ஓட்டினார். மச்சானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகுதான் அந்தச் சொற்கள் எங்கே பழகினவை என்று அவருக்கு உறைத்தது. அதோடு சிரிப்பு நின்றது. இறங்கும்போது அந்த டாக்சிக்காரருக்கு அவர் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இரண்டு கையாலும் ஸலாம் சொன்னார்.

வியாழக்கிழமை மத்ராவுக்குப் போனார்கள். கப்பல்கள் நிற்கிற இடம். மலை, மலைக்கு மேலே கோட்டை, கீழே கடல். “நம்மட துறைமுகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மரத்தையெல்லாம் பிடுங்கிப்போட்டு வெச்ச மாதிரி இருக்கு” என்றார் மச்சான். மீன் சந்தைக்குள் நுழைந்தவர் வெளியே வர மனமில்லாமல் நின்றார். அறுக்குளாவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் விலை பேசினார். ஊரில் ஒரு நாளும் நடந்ததில்லையாம், மீன் சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியது.

“நீ எவ்வளவு நல்ல ஊரில இருந்திருக்கிற” என்று ராத்தாவைப் பார்த்துச் சொன்னார். “நான் அங்க வீணாக் கவலைப்பட்டனான்.”

ராத்தாவும் அந்த ஊரை அன்றுதான் பார்க்கிறாள். ஒன்பது வருடம் இருந்த ஊர். சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியாமல், “ஓம், நல்ல ஊர்” என்றாள்.

அன்றிரவு எனக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்: “நாளைக்கு வெள்ளி. முழங்கால் நோகுதெண்டு சொல்லிப் பார்த்தன். தூக்கிக்கொண்டு போவாராம்.”

வெள்ளிக்கிழமை மச்சான் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சாரம் இருந்த பையைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தாராம். அஸருக்குப் பிறகு குறும் என்கிற கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நீளமான மணல். பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டு நின்றார்கள். ராத்தா கண்ணில் முதலில் பட்ட கல் பெஞ்சைக் காட்டினாள்.

“இதுதான்.”

மச்சான் உடனே உட்காரவில்லை. பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் பார்த்தார்.

“பேரீச்ச மரம்?”

“வெட்டிப்போட்டாங்க போல.”

“சோளக்காரர் எப்ப வருவார்?”

என் புத்தி அந்த நேரம் ராத்தாவுக்குக் கைகொடுத்தது. “அவர் மௌத்தாகிப்போனாராம். விசாரிச்சனான்.”

“இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்றபடி மச்சான் பெஞ்சில் இருந்துவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் நல்லது. அவர் சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி, மௌத்தானவருக்காக ஊருக்குக் கேட்கப் பாத்திஹா ஓதத் தொடங்கினார். ஓதி முடித்துத் தமிழில் துஆ கேட்டார். “யா அல்லாஹ், என் பிள்ளைகளுடைய உம்மா தனிச்சிருந்த நாளில அவளுக்குத் தின்னக் குடுத்த மனிசன். நான் பக்கத்தில இல்லாத நேரம் அவள்ட முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்ன மனிசன். அவர் அடங்கின கப்ரை விசாலமாக்கு. அவருடைய பிள்ளைகளுக்குக் குறையில்லாமக் குடு. அவரைச் சுவர்க்கத்தில…” அந்த இடத்தில் குரல் உடைந்தது. ராத்தா ஆமீன் சொல்வதற்காக நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

ராத்தாவுக்கு ஆமீன் வரவில்லை. எந்தப் பொய்யையும் சொல்லலாம், அல்லாஹ்வைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஆமீன் சொல்ல முடியுமா?

“போதும், நிப்பாட்டுங்க” என்றாள். “அப்பிடி ஒராள் இல்ல.”

“ஓம், இல்லத்தானே. அதுக்குத்தானே ஓதுறன்.”

“ஐயோ, முந்தியும் இல்ல. சோளக்காரரும் இல்ல, மரமும் இல்ல, பெஞ்சும் இல்ல. இந்தக் கடலுக்கு நான் இண்டைக்குத்தான் வாறன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மொட்டை மாடி, ஈர உடுப்பு, ஒரு முழம் கடல், வெள்ளிக்கிழமைச் சட்டிகள். “போனில காத்துக் கேட்டு நீங்கதான் கடலெண்டு சொன்னீங்க. உங்கட குரலில அவ்வளவு சந்தோசம். இல்லயெண்டு சொல்ல என்னால ஏலாமப் போச்சு.”

மச்சான் எழும்பி நடந்தார். தண்ணீர் ஓரமாகவே, திரும்பிப் பார்க்காமல், தூரமாகப் போனார். ராத்தா பெஞ்சில் இருந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டால் நியாயம்தான் என்று நினைத்தாளாம். ஏமாற்றினது அவரை மட்டும் இல்லையே, அவருடைய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும்தானே.

கன நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் முழுக்கத் தண்ணீர். அது கடல் தண்ணீர் என்று இன்றைக்கும் சொல்கிறார். வந்தவர் கேட்ட கேள்வி இதுதான்.

“அப்ப அந்தச் சோளம்? ஊதி ஆத்தி, நாரை ஒண்டொண்டா எடுத்து, உப்புத் தண்ணி தெளிச்சு… ஆளே இல்லயெண்டா அது எங்கயிருந்து வந்தது?”

ராத்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு உண்மையாத் தெரியாதா?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“கலியாணம் முடிச்ச புதுசில, பாலம் வரமுன்னம், டவுனுக்குப் போக ரெண்டு பேரும் துறையில படகுக்குக் காத்துக்கொண்டு நிப்பம். அவிச்ச சோளம் விக்கிறவனிட்ட ஒண்டு வாங்கி, என்ட பல்லில மாட்டுமெண்டு நாரெல்லாம் எடுத்து, ஊதி ஊதித் தந்தது ஆர்?”

மச்சான் வாயைத் திறந்தபடி நின்றார். “நானா?”

“வேற ஆர்? எனக்கு உலகத்தில வேற ஆரைத் தெரியும்? தின்னக் கிடைக்குமாவெண்டு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல மனுசனைச் சொன்னன். வயசைக் கேட்டதால கொஞ்சம் கூட்டிச் சொன்னன்.”

அத்தனை வருடமாகத் தன்னைப் பற்றிக் கேட்டும் தன்னை அடையாளம் தெரியாத மனிதர் என் மச்சான் ஒருவராகத்தான் இருப்பார். பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்ப இவ்வளவு நேரமும் நான் எனக்கா பாத்திஹா ஓதினனான்?”

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். பந்தடித்த பிள்ளைகள் நின்று பார்த்தார்களாம். மச்சானும் சிரித்தார். மூச்சு வந்த பிறகு ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கப்ருக் கதையை விட்டுப்போட்டு மிச்சத்துக்கெல்லாம் ஆமீன்” என்றாள்.

“நன்றி சொல்ல வந்தது உனக்குத்தான் புள்ள” என்றார் மச்சான். “ரெண்டு பிள்ளைகளையும் வீட்டில குடியேத்தினது நீ. அதை உன்ட முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெக்கம். அந்தாளைச் சாட்டிச் சொல்லுவமெண்டு நினைச்சனான்.”

“சொல்லிட்டீங்கதானே.”

“ஓம். சொல்லிட்டன்.”

பிறகு ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். அபாயா நனைய நனைய நின்றாள். ஒன்பது வருடம் ஒரு முழமாகத் தெரிந்த கடல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிடந்தது. மச்சானைத் திரும்பிப் பார்த்து, “அந்தப் பார்சலைப் பிரிங்க” என்றாள். “அது ஆருக்கு வாங்கினதோ அவர் உடுக்கட்டும்.”

அதே நேரம் இங்கே, கிண்ணியாக் கடற்கரையில், பழைய பன்பாயை விரித்துக்கொண்டு நானும் ஷிஃபானாவும் அவளுடைய பிள்ளையும் இருந்தோம். எங்களுக்கு மஃரிபுக்குக் கிட்டிய நேரம். தூரத்தில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருந்த கப்பல் ஒன்று விளக்குப் போட்டுவிட்டது. வாப்பாவும் உம்மாவும் அந்தப் பெஞ்சில் இருக்கிற நேரத்தில் தானும் பழைய இடத்தில் இருக்க வேண்டும் என்று ஷிஃபானா பிடிவாதமாக என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

ஷிஃபானா வீடியோ கோல் எடுத்தாள். மச்சானின் முகம் வந்தது. கண் சிவந்திருந்தது, பல் தெரிந்தது.

“வாப்பா, சோளக்காரரைக் கண்டீங்களா?”

“கண்டம் மகள்.”

ராத்தா எங்கேயோ ஒரு கிழவரைப் பிடித்துக் காட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“எப்பிடி இருக்கார்?”

“நல்ல சுகமா இருக்கார். நாங்க நினைச்ச அளவுக்கு வயசாளி இல்ல.”

“சாரத்தைக் குடுத்தீங்களா? பிடிச்சுதாமா?”

“உடுத்துக்கொண்டுதான் நிக்கிறார்.”

“காட்டுங்க வாப்பா! காட்டுங்க!”

போன் ராத்தாவின் கைக்கு மாறியது போலிருந்தது. படம் ஆடியது. வானம், மணல், ராத்தாவின் நனைந்த அபாயா எல்லாம் மாறி மாறி வந்தன. பிறகு கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. இடுப்புக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நீலக் கட்டம் போட்ட புதுச் சாரம், முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி. அதற்குக் கீழே தண்ணீரில் இரண்டு கால்கள்.

வலது காலின் பெருவிரலில் நகம் இல்லை.

அந்த நகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். ராத்தா போன இரண்டாம் வருடம் மீன் பெட்டிக்கு ஐஸ் ஏற்றும்போது ஒரு கட்டி விழுந்தது. மச்சான் ராத்தாவிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். ஒரு மாதம் அந்த விரலுக்கு மருந்து வைத்துக் கட்டியது பள்ளிக்கூடம் போகிற ஷிஃபானா.

நான் ஷிஃபானாவைப் பார்த்தேன். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். எதையோ கேட்க வாய் திறந்தது, மூடியது. ராத்தா அந்தப் பக்கத்தில் சிரிக்கிற சத்தம் கேட்டது. உம்மா அப்படிச் சிரித்து அவள் சின்ன வயதில் கேட்டிருக்கமாட்டாள். பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

“அளவாத்தான் இருக்கு வாப்பா” என்றாள். “அவருக்கு எங்கட ஸலாத்தைச் சொல்லுங்க. எங்கட உம்மாவை அத்தனை வருசமும் பார்த்துக்கொண்டதுக்கு.”

சாரம் உடுத்த கால்கள் தண்ணீருக்குள் கொஞ்சம் அசைந்தன. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சோளக்காரர் பதில் சொன்னார்.

“வஅலைக்கும் ஸலாம் மகள்.”